டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ஒரு வரி: பெங்களூரில் ஒரு முன்னாள் ராணுவ ஓட்டுநரின் ஓய்வூதிய வழக்கு

இந்த ஆய்வுக்கு உரியவர் 1962-இல் இந்திய ராணுவத்தில் லாரி ஓட்டுநராகச் சேர்ந்தவர். 1965, 1971 ஆகிய இரண்டு போர்களிலும் களத்தில் இருந்தார். 1973-இல் ஓய்வூதியம் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். பிறந்தது அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில், குடியாத்தம் பக்கத்துக் கிராமம் ஒன்றில். கடந்த ஐம்பது ஆண்டுகளாக வாழ்வது பெங்களூர் மர்பி டவுனில். அல்சூர் வட்டாரத்தில் முன்னாள் படைவீரர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பதும் கோப்பு தயாரித்துக் கொடுப்பதுமான வேலையை நானும் சில நண்பர்களும் செய்து வருகிறோம். அப்படி எங்களிடம் வந்த கோப்பை அவருடைய ஒப்புதலோடு இங்கே எழுதுகிறேன். பெயரையும் படை எண்ணையும் படைப்பிரிவையும் விட்டிருக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும், ஏனெனில் இந்த வழக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தூங்கியதற்கு அதைப் பற்றிய தவறான எண்ணமே பாதிக் காரணம். போரில் இருந்தார் என்பதற்காக மட்டும் ராணுவ ஓய்வூதிய விதிகள் எவருக்கும் ஓய்வூதியம் தருவதில்லை. சிப்பாய், நாயக், ஹவில்தார் நிலைகளில் இருந்தவருக்குப் பணிக்கால ஓய்வூதியம் வேண்டுமானால் பதினைந்து ஆண்டுகள் நிரம்பியிருக்க வேண்டும். நிரம்பவில்லை என்றால், பணியால் வந்த அல்லது பணியால் கூடிய உடற்குறை ஒன்று இருந்து, அது இருபது சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று மருத்துவ வாரியம் மதிப்பிட்டிருக்க வேண்டும். வேறு சில சிறிய வாசல்களும் உண்டு என்றாலும், பெரும்பாலானோர் உள்ளே போவது இந்த இரண்டின் வழியாகத்தான். நம்மவரின் பணிக்காலம் பதினொரு ஆண்டுகள். மார்பில் குத்திக்கொள்ளும் பதக்கங்களில் 1965-இன் சமர் சேவா நட்சத்திரமும் 1971-இன் பஸ்சிமி நட்சத்திரமும் அவரிடம் உள்ளன. ஓய்வூதியக் கணக்கில் அவற்றுக்கு ஒரு பைசா மதிப்பும் கிடையாது. இதை முதல் நாளே அவரிடம் சொன்னபோது அவர் வருத்தப்படவில்லை. "சண்டை போட்டதுக்குக் காசு கேக்கல தம்பி, காது போனதுக்குத்தான் கேக்கறேன்" என்றார். வழக்கறிஞர் பின்னால் பல பக்கங்களில் எழுதியதும் இதைத்தான்.

காது போன கதை

1971 டிசம்பரில் அவர் மேற்கு எல்லையில் ஷக்கர்கர் பகுதியில் வெடிமருந்து ஏற்றிய லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பகுதியில் பாகிஸ்தான் தரப்பு அடர்த்தியாகக் கண்ணிவெடி புதைத்திருந்தது. நமது பொறியாளர் படையினர் அவற்றை அகற்றிப் பாதை திறந்துவிட, அந்தக் குறுகிய பாதையில்தான் டாங்கிகளும் பின்னால் லாரிகளும் போக வேண்டியிருந்தது. பசந்தர் ஆற்றங்கரைச் சண்டையைப் பற்றிப் படித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும்; அல்சூர் ஏரிக்கரையில் தலைமையகம் கொண்ட மெட்ராஸ் சாப்பர்கள் என்ற பொறியாளர் படையின் 9-ஆவது பொறியாளர் ரெஜிமெண்ட் அங்கே கண்ணிவெடி அகற்றியதுதான் இன்றும் இப்பகுதி முன்னாள் 'தம்பி'கள் (அந்தப் படையினருக்கு ராணுவத்தில் வழங்கும் பெயர்) பெருமையாகச் சொல்லும் செய்தி. அத்தகைய பாதை ஒன்றில் இரவில் முன்னால் போன வண்டி ஓரம் ஒதுங்கிக் கண்ணிவெடியில் ஏறியது. நம்மவரின் வண்டிக் கண்ணாடி உடைந்தது. உடம்பில் பெரிய காயம் எதுவும் இல்லை. காதில் இரைச்சல் கேட்டது, ரத்தம் கசிந்தது. துடைத்துக்கொண்டு வண்டியை ஓட்டினார்.

வழக்கின் பிற்காலச் சிக்கல்கள் எல்லாவற்றுக்கும் வேர் இந்தத் 'துடைத்துக்கொண்டு' என்ற சொல்லில் இருக்கிறது. போரில் காயம்பட்டவரைப் 'பேட்டில் கேஷுவல்டி' என்று அன்றே அறிக்கை அனுப்பி, படைப்பிரிவின் பகுதி இரண்டு ஆணையில், அதாவது ஒவ்வொருவரின் பணி, குடும்ப விவரங்களைப் பதிந்து வெளியிடும் ஆணையில், வெளியிட்டால்தான் அது போர்க்காயம் ஆகும். போர்க்காய ஓய்வூதியத்தின் தொகை சாதாரண இயலாமை ஓய்வூதியத்தைவிட வெகு அதிகம். அறிக்கை அனுப்பும் அளவுக்கு வெளியே தெரியும் காயம் இல்லாததால் அவர் பெயர் அந்தப் பட்டியலில் ஏறவில்லை. போர் நிறுத்தம் வந்து, காதில் சீழ் வைத்து, பேசுவது கேட்காமல் போன பிறகுதான் பதான்கோட்டில் ராணுவ மருத்துவமனையில் சேர்த்தார்கள். இரண்டு செவிப்பறைகளும் கிழிந்திருந்தன. உள்காது நரம்பும் பழுதுபட்டிருந்தது. 1972-இல் அவரை 'சீ' வகை நிரந்தரம் என்ற தாழ்ந்த மருத்துவ வகைக்கு மாற்றினார்கள். காது கேளாதவரை லாரியில் உட்கார வைக்க முடியாது. அவர் படைப்பிரிவில் அவருக்கேற்ற இலகுவான பணியிடம், அதாவது 'ஷெல்டர்டு அப்பாயின்ட்மென்ட்', காலியாக இல்லை. 1973-இல் டிஸ்சார்ஜ் கொடுத்து, ஒரு தொகை கிராஜுவிட்டியும் கொடுத்து அனுப்பினார்கள்.

சில மாதங்கள் கழித்து அலகாபாத்தில் (இன்றைய பிரயாக்ராஜ்) உள்ள ராணுவ ஓய்வூதியக் கணக்கு அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் கிராமத்துக்கு வந்தது. அன்றைய ராணுவத்தில் ஜவான்களுக்கு ரோமன் எழுத்தில் இந்தி கற்பித்தார்கள். அதனால் அவருக்கு ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படிக்கத் தெரியும், பொருள் தெரியாது. கடிதம் முழுவதையும் வாய்விட்டுப் படித்துவிட்டுப் பள்ளிக்கூட வாத்தியாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். 'உடற்குறை இருபது சதவீதத்துக்குக் குறைவு, ஆகவே ஓய்வூதியம் இல்லை' என்பது வாத்தியார் சொன்ன சாரம். குறிப்பிட்ட காலத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று கடைசிப் பத்தியில் இருந்ததா, இருந்தும் வாத்தியார் சொல்லவில்லையா என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது. கடிதம் இன்று இல்லை. 1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்ற இடைக்காலத் தீர்ப்பை ஒட்டிப் பெங்களூரில் தமிழர் மீது வன்முறை நடந்தபோது, குடும்பம் சில வாரங்கள் ஊருக்குப் போயிருந்தது. திரும்பி வந்தபோது வீட்டில் இருந்த காகிதக் கட்டு ஒன்று காணாமல் போயிருந்தது. அதில்தான் அந்தக் கடிதமும் மருத்துவமனைச் சீட்டுகளும் இருந்தன.

எஞ்சியது ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டி. மூடியில் வெள்ளைப் பெயிண்டால் படை எண், பதவி, பெயர் எழுதியிருக்கும். பெயரின் கடைசி இரண்டு எழுத்துகள் துருப்பிடித்து உதிர்ந்துவிட்டன, எண் மட்டும் முழுதாக இருக்கிறது. உள்ளே பதக்கங்களும் டிஸ்சார்ஜ் புத்தகமும் இருந்தன. புத்தகத்தில் டிஸ்சார்ஜ் காரணம் என்ற கட்டத்தில் தட்டச்சில் ஒரே ஒரு வரி: நிரந்தரத் தாழ்ந்த மருத்துவ வகையில் உள்ளவர், மாற்றுப் பணி இல்லாததால் விடுவிக்கப்படுகிறார்.

இடைப்பட்ட நாற்பது ஆண்டுகள்

இதை நீட்டாமல் சொல்லிவிடலாம், ஒரே ஒரு பகுதியைத் தவிர. மைத்துனர் மர்பி டவுனில் இருந்ததால் 1974-இல் குடும்பத்தோடு பெங்களூர் வந்தார். ஓட்டுநர் வேலை கிடைக்கவில்லை. கலாசிபாளையத்தில் ஒரு லாரி மெக்கானிக் ஷெட்டில் உதவியாளராகச் சேர்ந்து பிறகு மெக்கானிக் ஆனார். டீசல் என்ஜினில் எந்த சிலிண்டர் சரியாக வேலை செய்யவில்லை என்பதை மற்ற மெக்கானிக்குகள் சத்தத்தில் கண்டுபிடிப்பார்கள். இவர் என்ஜின் மீது உள்ளங்கையை வைத்து, ஒவ்வொரு இன்ஜெக்டர் குழாயின் நட்டையும் சற்றே தளர்த்தி, அதிர்வு மாறுகிறதா இல்லையா என்று பார்த்துக் கண்டுபிடிப்பார். 'செவிட்டு மேஸ்திரி' என்றுதான் ஷெட்டில் அவரைச் சொல்வார்கள். பட்டப்பெயர் மரியாதையாக இல்லை என்றாலும் பின்னால் அதுவே சாட்சியமாகப் பயன்பட்டது. அறுபத்தைந்து வயதுக்குப் பிறகு கை நடுங்கியதால் ஷெட்டை விட்டார். அதன்பின் மகனுடைய வருமானம்தான்.

முன்னாள் படைவீரர் அடையாள அட்டை அவருக்கு இருந்தது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அவர் காலத்தில் விடுவிக்கப்பட்டவர்கள் ஓய்வூதியம் இல்லாமலும் முன்னாள் படைவீரர் என்ற வரையறைக்குள் வருவார்கள். ஆனால் 2003-இல் தொடங்கிய ஈ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம் அடிப்படையில் ஓய்வூதியர்களுக்கானது. ஆகவே ஊர்வலத்துக்கும் கொடிநாளுக்கும் அழைப்பு வரும், மருந்துக்குக் கடையில் காசு கொடுத்தாக வேண்டும்.

தவறான மனுக்கள்

2015-இல் டெல்லி ஜந்தர் மந்தரில் முன்னாள் படைவீரர்கள் 'ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்' கேட்டுப் போராடியதும், அந்த ஆண்டு நவம்பரில் அரசு அதை அறிவித்ததும் தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டே இருந்தன. தாத்தாவுக்கு ஏன் வரவில்லை என்று கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பேரன் கேட்டான். பேரனே மனு எழுதினான்: பிரதமருக்கு ஒன்று, பாதுகாப்பு அமைச்சருக்கு ஒன்று, கர்நாடக முதலமைச்சருக்கு ஒன்று. அவற்றில் 1965 போர் ஒரு பக்கம், 1971 போர் ஒரு பக்கம், குடும்ப வறுமை அரைப் பக்கம். காதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஏற்கெனவே ஓய்வூதியம் வாங்குபவரின் தொகையைத் திருத்துவதுதான் அந்த அறிவிப்பின் வேலை. ஓய்வூதியமே இல்லாதவருக்கு அது புதிதாக எதையும் தராது. அப்படியே பதிலும் வந்தது.

இந்த வகை மனுக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றின் குறை மொழியில் இல்லை. எழுதுபவர் எது பெரிதென்று நினைக்கிறாரோ அதை எழுதுகிறார். படிக்கும் எழுத்தர் தமக்கு எந்த விதி எண் பொருந்தும் என்று தேடுகிறார். போரை எழுதினால் அவருக்குப் பொருத்த விதி இல்லை. டிஸ்சார்ஜ் காரணத்தை எழுதினால், 1961-ஆம் ஆண்டு ராணுவ ஓய்வூதிய ஒழுங்குமுறைகளில் 173, 173-ஏ என்ற இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. இரண்டாவது பிரிவு நம்மவருக்காகவே எழுதியது போல இருக்கும்: நிரந்தரமாகத் தாழ்ந்த மருத்துவ வகையில் வைக்கப்பட்டு, அதற்கேற்ற மாற்றுப் பணி இல்லாததால் விடுவிக்கப்பட்டவர், உடல்நிலை காரணமாகப் பணியிலிருந்து நீக்கப்பட்டவராகவே கருதப்படுவார். எங்களிடம் அவர் டிரங்குப் பெட்டியோடு ஆட்டோவில் வந்து இறங்கியது இந்த மனுக்கள் எல்லாம் திரும்பி வந்த பிறகுதான்.

வழக்கு முடியும்வரை காத்திருக்க வீட்டில் வசதி இல்லை. அறுபத்தைந்து வயது கடந்த, ஹவில்தார் அல்லது அதற்குக் கீழான பதவியில் இருந்து விடுபட்ட, ஓய்வூதியம் இல்லாத முன்னாள் படைவீரருக்குக் கேந்திரிய சைனிக் போர்டு மூலம் ஒரு வறுமை உதவித்தொகை உண்டு. கொடிநாள் நிதியிலிருந்து வருவது. 2017-இல் அது மாதம் 1,000 ரூபாயிலிருந்து 4,000 ரூபாயாக உயர்ந்திருந்தது. மாவட்ட சைனிக் நல அலுவலகம் வழியாக முதலில் அதை வாங்கிக் கொடுத்தோம். 2025 நவம்பர் முதல் இத்தொகை 8,000 ரூபாய் ஆகியிருக்கிறது. தகுதியுள்ளவர்கள் பலர் இன்னும் கேட்காமலேயே இருக்கிறார்கள் என்பதால் இதை இங்கே சொல்கிறேன்.

ஆவணம் இல்லாத வழக்கு

ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி விண்ணப்பித்தோம். பணிப்பதிவு, மருத்துவ வாரிய நடவடிக்கைகள், மருத்துவமனைச் சேர்க்கைக் குறிப்பு ஆகியவற்றின் நகல்கள் கேட்டோம். ராணுவ ஒழுங்குமுறைகளின் 595-ஆம் பத்தியின்படி, ஓய்வூதியம் பெறாதவரின் பணி ஆவணங்களை இருபத்தைந்து ஆண்டுகள் வைத்திருந்து பிறகு அழித்துவிடலாம். அதன்படி அவை அழிக்கப்பட்டுவிட்டன என்று பதில் வந்தது. பதில் விதிப்படி சரியானது. விதியின் விளைவைத்தான் கவனிக்க வேண்டும்: ஓய்வூதியம் மறுக்கப்பட்டதாலேயே அவர் ஓய்வூதியம் பெறாதவர் ஆகிறார், ஓய்வூதியம் பெறாதவர் என்பதாலேயே, மறுத்தது சரியா தவறா என்று பார்க்கத் தேவையான காகிதம் அழிகிறது. நல்ல வேளையாக, அழிக்காமல் வைக்கும் பதிவேடு ஒன்று உண்டு. 'லாங் ரோல்' என்பார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை. எண், பெயர், சேர்ந்த நாள், விடுபட்ட நாள், காரணம், கொடுத்த தொகை. அதன் சான்று நகலை அனுப்பியிருந்தார்கள். குறிப்பு என்ற பகுதியில் நான்கைந்து சொற்கள்: உடற்குறை இருபது சதவீதத்துக்குக் குறைவு, கோரிக்கை நிராகரிப்பு.

எங்கள் குழுவில் சிலர் இந்தக் குறிப்பைப் பார்த்துச் சோர்ந்தார்கள். என் கணிப்பு வேறாக இருந்தது. நிராகரித்தோம் என்று பதிந்திருப்பதால், உடற்குறை இருந்தது என்பதையும் மருத்துவ வாரியம் கூடியது என்பதையும் அரசுத் தரப்பே ஒப்புக்கொள்கிறது. எஞ்சியது சதவீதம் பற்றிய தகராறு மட்டுமே. அந்தத் தகராறில் உச்ச நீதிமன்றம் ஏற்கெனவே பேசியிருந்தது. 2013 ஜூலையில் தரம்வீர் சிங் வழக்கில், பணியில் சேரும்போது மருத்துவப் பதிவில் இல்லாத ஒரு குறை பின்னால் வந்தால் அது பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசுடையது என்று அது தீர்ப்பளித்திருந்தது. அடுத்த ஆண்டு சுக்விந்தர் சிங் வழக்கில் இன்னும் ஒரு படி போய், உடல்நிலை காரணமாக ஒருவரைப் பணியிலிருந்து நீக்கிவிட்டால் அவருடைய குறை இருபது சதவீதத்துக்கு மேல் என்றே கொள்ள வேண்டும் என்றது. வேலைக்கு ஆகாத அளவுக்கு உடம்பு கெட்டுவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டு, ஓய்வூதியம் தரும் அளவுக்குக் கெடவில்லை என்றும் சொல்ல முடியாது என்பதே இதன் தர்க்கம். இதற்கு 173-ஏ பிரிவைச் சேர்த்துப் படித்தால், 1973-இல் எழுதிய 'குறைவு' என்ற மதிப்பீடு நிற்காது.

போர்க்காய ஓய்வூதியத்தையும் கேட்கலாம் என்று பேரன் வற்புறுத்தினான். தொகை அதிகம் என்பது அவன் வாதம். பேட்டில் கேஷுவல்டி அறிக்கையோ பகுதி இரண்டு ஆணையோ இல்லாமல் அதைக் கேட்டால், நிற்கக்கூடிய கோரிக்கையும் நிற்காத கோரிக்கையோடு சேர்ந்து தள்ளிப்போகும் என்று வழக்கறிஞர் கருதினார். அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன், பெரியவருக்குச் சேர வேண்டியது அதுதான் என்ற எண்ணம் இருந்தபோதிலும்.

கொச்சியில்

ராணுவத்தினரின் பணி வழக்குகளை 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயம் விசாரிக்கிறது. கர்நாடகம் அதன் கொச்சி அமர்வின் எல்லைக்குள் வருகிறது. தமிழ்நாடு சென்னை அமர்வுக்கு உரியது. ஓய்வு பெற்றவர் தாம் வழக்கமாக வசிக்கும் இடத்துக்குரிய அமர்வில் வழக்குத் தொடரலாம் என்பதால், மர்பி டவுன்வாசிக்குக் கொச்சிதான். 2017-இல் மனுத் தாக்கலானது. அங்கே அவர் நேரில் வர வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனாலும் ஒரு முறை போயே தீருவேன் என்று பேரனை அழைத்துக்கொண்டு எர்ணாகுளம் இன்டர்சிட்டியில் பதக்கங்களோடு போனார். அன்றைக்கு வழக்கு தள்ளிவைக்கப்பட்டது.

அரசுத் தரப்பு இரண்டு வாதங்களை வைத்தது. ஒன்று தாமதம்: நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சும்மா இருந்தவர் இப்போது வந்து கேட்க முடியாது. இதற்கான விடை 2008-இல் தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஓய்வூதிய மறுப்பு மாதாமாதம் தொடரும் தவறு. ஆகவே தாமதத்தைக் காட்டி உரிமையையே மறுக்கக் கூடாது, ஆனால் நிலுவைத் தொகையைப் பொதுவாக மனுவுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு மட்டும் கொடுத்தால் போதும். தர்சேம் சிங் 1983-இல் உடல்நிலை காரணமாக நீக்கப்பட்டு 1999-இல் நீதிமன்றம் போனவர். அவரைவிட நம்மவர் மிகவும் பிந்தியவர் என்றாலும் தத்துவம் ஒன்றே.

இரண்டாவது வாதம் மருத்துவம் சார்ந்தது, அதுவே எனக்குக் கடினமானதாகப் பட்டது. எழுபத்தைந்து வயதில் யாருக்கும் காது மந்தமாகும். இன்று ஒலிமானியில் அளந்தால் வரும் கேட்புக் குறையில் எவ்வளவு 1971-இன் வெடியால் வந்தது, எவ்வளவு முதுமையால் வந்தது என்று எப்படிப் பிரிப்பது? பிரிக்க முடியாது என்று நாங்கள் கலந்துபேசிய காது மருத்துவரே சொன்னார். செவிப்பறைத் துளைகளின் தழும்பு தெரிகிறது, அது முதுமையில் வருவதில்லை. நரம்புக் குறையின் வயதை எந்தக் கருவியும் காட்டாது. அதனால் வழக்கறிஞர் இன்றைய அளவீட்டை நம்பவே இல்லை. கலாசிபாளையம் ஷெட்டில் கூட வேலை செய்த இரண்டு முதியவர்களிடம் பிரமாணப் பத்திரம் வாங்கினார்: 1974-இல் ஷெட்டுக்கு வந்த நாளிலிருந்தே அவருக்குக் காது கேட்காது, கையால் தொட்டுத்தான் என்ஜினைப் பார்ப்பார், பட்டப்பெயரும் அதனால் வந்ததே என்று. அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு. முதுமை என்ற வாதம் அங்கே அடிபட்டது.

2019-இல் தீர்ப்பு வந்தது. 173-ஏ பிரிவின்படி அவர் உடல்நிலை காரணமாக நீக்கப்பட்டவர். குறை குறைந்தது இருபது சதவீதம் என்று கொள்ள வேண்டும். ஐம்பது சதவீதத்துக்குக் குறைவானதை ஐம்பதாகவும், ஐம்பது முதல் எழுபத்தைந்து வரையானதை எழுபத்தைந்தாகவும், அதற்கு மேல் நூறாகவும் உயர்த்திக் கணக்கிடும் முறைப்படி அவருக்கு ஐம்பது சதவீதம். நிலுவை மனுவுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு, அதாவது 2014-இலிருந்து. நான்கு மாதங்களில் நிறைவேற்றாவிட்டால் வட்டி.

1973-க்கும் 2014-க்கும் இடையில் உள்ள நாற்பத்தொரு ஆண்டுகளின் ஓய்வூதியம் இந்தக் கணக்கில் காணாமல் போகிறது. மூன்று ஆண்டு வரம்புக்குச் சட்டக் காரணம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கேட்காமல் இருந்தவருக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் கேட்க வேண்டும் என்று தெரிவிக்கும் கடிதம் அவருக்குப் புரியாத மொழியில் வந்தது என்பதை எந்தத் தீர்ப்பும் கணக்கில் எடுப்பதில்லை. பிள்ளைகளின் படிப்பை எட்டாம் வகுப்போடு நிறுத்திய ஆண்டுகள் அந்த நாற்பத்தொன்றுக்குள்தான் இருக்கின்றன.

தீர்ப்புக்குப் பிறகு

தீர்ப்பு கைக்கு வந்ததும் பணம் வந்துவிடும் என்று குடும்பம் நினைத்தது. நான்கு மாதம் கடந்தது; நிறைவேற்றக் கோரி மீண்டும் ஒரு மனு போட வேண்டியிருந்தது. 2021-இல் ஓய்வூதிய ஆணை, அதாவது பி.பி.ஓ., வந்தது. 1973-இல் வாங்கிய கிராஜுவிட்டியை நிலுவையில் பிடித்துக்கொண்டார்கள். 2016 ஜனவரி முதல் மத்திய அரசு ஓய்வூதியத்தின் குறைந்தபட்சத் தொகை 9,000 ரூபாய் என்பதால், ஓய்வூதியத்தில் பணிக்காலத்துக்கான பகுதியான பணிக்கூறு அந்த அளவில் அமைந்து, அதோடு உடற்குறைக்கான இயலாமைக் கூறும் அகவிலைப்படியும் சேர்ந்தன. வறுமை உதவித்தொகை நின்றது. ஓய்வூதியர் ஆகிவிட்டதால் அது நிற்பது சரியே. ஈ.சி.எச்.எஸ்.-இல் சேர்ந்தார், 1996-க்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்குச் சந்தா விலக்கு உண்டு என்பதால் அதற்குப் பணம் கட்ட வேண்டியிருக்கவில்லை. அதன் வழியாகவே காதொலிக் கருவியும் வாங்கிக் கொடுத்தோம். அதை அவர் டிவி பார்க்கும்போது மட்டும் போட்டுக்கொள்கிறார். மற்ற நேரத்தில் வீட்டுச் சத்தம் தாங்கவில்லையாம்.

இன்னொரு சிக்கலை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதில் பலர் பணம் இழக்கிறார்கள். எண்பது வயது நிரம்பியவருக்கு அடிப்படை ஓய்வூதியத்தில் இருபது சதவீதம் கூடுதலாக வரும். எண்பத்தைந்தில் முப்பது, தொண்ணூறில் நாற்பது என்று அது ஏறும். ராணுவப் பதிவில் அவர் பிறந்த ஆண்டு 1942. ஆதாரில் ஜனவரி 1, 1945. ஆதார் எடுத்த நாளில் முகாமில் இருந்தவர் வயதைக் கேட்க, இவருக்குக் காதில் விழாமல் மனைவி ஒரு மதிப்பாகச் சொல்லியிருக்கிறார். ஓய்வூதியம் இப்போது 'ஸ்பர்ஷ்' என்ற இணைய அமைப்பின் மூலம் பிரயாக்ராஜிலிருந்து நேரடியாக வருகிறது. அங்கே அடையாளம் சரிபார்க்கும்போது இரண்டு தேதிகளும் மோதின. ராணுவப் பதிவே செல்லும் என்பது விதி. ஆனாலும் முரண்பாடு இருக்கும்வரை கூடுதல் தொகை நகரவில்லை. டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் லாங் ரோல் நகலையும் காட்டி ஆதாரைத் திருத்திய பிறகுதான் அது கிடைத்தது. ஆண்டுதோறும் கொடுக்க வேண்டிய உயிர்ச்சான்றுக்கும் ஒரு தடை வந்தது: நாற்பது ஆண்டுகள் கிரீஸும் டீசலும் பட்ட விரல்களில் ரேகை தேய்ந்துவிட்டதால் கருவி ஏற்கவில்லை. முகத்தைப் படமெடுத்துச் சரிபார்க்கும் வசதி 2021 நவம்பரில் வந்ததால் பேரனின் கைப்பேசியிலேயே அது முடிந்துவிடுகிறது.

இப்போது நிலுவையில் இருப்பது மனைவியின் பெயர். 1966-இல் திருமணம், ராணுவத்தில் பதிந்தபோது வீட்டில் கூப்பிடும் பெயரைக் கொடுத்திருக்கிறார். குடும்ப அட்டையிலும் ஆதாரிலும் வேறு பெயர் இருக்கிறது. அவருக்குப் பின் குடும்ப ஓய்வூதியம் அந்த அம்மாளுக்குச் சேர வேண்டுமானால் இரண்டும் ஒரே ஆள் என்று பகுதி இரண்டு ஆணையில் வெளியாக வேண்டும். மாஜிஸ்திரேட் முன் எடுத்த பிரமாணப் பத்திரம், கணவன் மனைவி சேர்ந்து எடுத்த படம், கூட்டு வங்கிக் கணக்கின் நகல் ஆகியவற்றை இணைத்து அனுப்பியிருக்கிறோம். ஒரு முறை கையொப்ப வேறுபாடு என்று திரும்பி வந்தது. பெரியவரின் கை நடுங்குவதால் இம்முறை கைநாட்டு வைத்து, அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியின் சான்றோடு மீண்டும் அனுப்பினோம். பெரியவர் கையாலேயே சான்று கொடுக்க முடிகிற இப்போதே இது முடிய வேண்டும். பிறகு அந்த அம்மாள் தனியாகப் போய்த் தாம்தான் அந்த மனைவி என்று நிறுவுவது, செவிட்டு மேஸ்திரியின் காதை நிறுவியதைவிடக் கடினமாக இருக்கும்.